இருட்டறையில் வளரும் மழைக்குறி

ஏதென்ஸ் பெண்கள் கூரையில் வளர்த்த எட்டு நாள் தோட்டம் அறுந்துபோனது. ராமநாதபுரம் பெண்கள் வளர்க்கும் முளைப்பாரி அறவில்லை. ஏன்?

ஆடி, ஆவணியில் ராமநாதபுரம் சீமைக்குள் போனால் பல ஊர்களில் ஓர் அறை மட்டும் இருட்டாக இருக்கும். ஜன்னலைச் சாக்குப் போட்டு அடைத்திருப்பார்கள். காற்று புகும் சந்துகளில் வைக்கோலைத் திணித்திருப்பார்கள். உள்ளே ஒரு விளக்கு எரியும். காலையும் மாலையும் குளித்துவிட்டு ஒரு பெண் உள்ளே போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வருவார். மற்றவர்களுக்கு அங்கே வேலையில்லை, எட்டிப் பார்க்கவும் கூடாது. அந்த அறையில் வளர்வது முளைப்பாரி. எட்டு, ஒன்பது நாள் கழித்து அது வெளியே வரும்போது, அதன் உயரத்தையும் அடர்த்தியையும் பார்த்து அந்த வருஷத்து மழையை ஊர் கணித்துக்கொள்ளும்.

இதற்கு மிக நெருக்கமான ஒரு வேலையை, கிட்டத்தட்ட இதே எட்டு நாள் கணக்கில், சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் நகரத்துப் பெண்களும் செய்தார்கள். அங்கே அது நின்றுபோயிற்று. இன்று கிரேக்கத்தில் சிலர் அப்போலோ, அதீனா, ஜீயஸ் முதலான பழைய தெய்வங்களின் திருவிழாக்களை ஏடுகளையும் கல்வெட்டுகளையும் புரட்டிப் புரட்டித் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். வைகை முகத்துவாரத்துப் பக்கத்து ஊர்களிலோ யாரும் எந்த ஏட்டையும் புரட்டவில்லை. போன வருஷம் செய்ததை இந்த வருஷமும் செய்கிறார்கள். பக்திதான் காரணம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் ஏதென்ஸிலும் பக்திக்குக் குறைவில்லை. காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஓட்டுக்குள் ஒரு வயல்

ராமநாதபுரம், சிவகங்கை வட்டாரத்தில் இந்த விழாவுக்கு முளைக்கொட்டு என்று பெயர். செவ்வாய்க்கிழமை பார்த்து ஊர் சாட்டுவார்கள். அன்றிலிருந்து காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லை தாண்டுவதில்லை. வீடு வீடாகப் பயறு, தானியம் வாங்குவார்கள். மொச்சை, தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து, துவரை, சோளம், கம்பு என்று கையில் உள்ளது வரும். கணக்குக்கு நவதானியம், நடைமுறையில் பயறு வகைதான் அதிகம். எல்லாவற்றையும் கலந்து முதல் நாள் இரவே ஊறப்போடுவார்கள்.

அடிப்பக்கம் தட்டியெடுத்த மண்பானைதான் பழைய முறை ஓடு. அடியில் குச்சிகளைக் குறுக்கே வைத்து, அதன்மேல் வைக்கோலைப் பரப்பி, காய்ந்த சாணத்தையோ ஆட்டுப் புழுக்கையையோ பொடித்துப் போடுவார்கள். கண்மாய்க் கரம்பை சேர்ப்பவர்களும் உண்டு. அதன்மேல் ஊறிய விதையை நெருக்கமாகத் தூவி, மேலே ஒரு பிடி எருப்பொடியை மூடாக்காகப் போடுவார்கள். அவ்வளவுதான் வயல். மூன்றாம் நாள் பயறு தோலைக் கழற்றிக்கொண்டு தலை தூக்கும். ஐந்தாம் நாள் ஓட்டின் விளிம்பைத் தாண்டும். வெயிலைக் காணாததால் பச்சையம் பிடிக்காது, வெளுத்த மஞ்சளாக, ஒல்லியாக, மளமளவென்று நீளும். வெளிச்சத்தைத் தேடி விதைக்குள் இருக்கும் சத்து முழுவதையும் தண்டுக்கே செலவழிக்கிற வளர்ச்சி அது. வெளியே வளர்ந்திருந்தால் பாதி உயரம்கூட வந்திருக்காது. அந்த மஞ்சளைத்தான் அம்மனின் நிறம் என்று கும்பிடுகிறார்கள்.

அறைக்கு வெளியே ஒவ்வொரு ராத்திரியும் பெண்கள் வட்டம் கட்டிக் கும்மியடிப்பார்கள். மழையையும் அம்மனையும் பாடுகிற பாட்டுகள் அவை. பாட்டைச் சொல்லிக்கொடுக்க மூத்த பெண் ஒருவர், அவர் பின்னால் வாங்கிப் பாட ஒரு கூட்டம். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் அந்த வட்டத்தின் ஓரத்தில் சேர்ந்து, இரண்டு மூன்று வருஷத்தில் நடுவுக்கு வந்துவிடுவார்கள்.

கூரைமேல் அடோனிஸ்

ஏதென்ஸ் கதைக்கு வருவோம். அஃப்ரோடைட் தேவியின் காதலன் அடோனிஸ், காட்டுப்பன்றி குத்தி இளவயதில் செத்துப்போனவன். அவனுக்காகப் பெண்கள் கொண்டாடிய துக்கத் திருவிழாவின் பெயர் அடோனியா. உடைந்த சட்டிகளில் மண் நிரப்பி, கோதுமை, பார்லி, லெட்யூஸ் கீரை, பெருஞ்சீரகம் விதைத்து, ஏணி வைத்துக் கூரைமேல் ஏற்றுவார்கள். வெயிலில் சட்டென்று முளைத்துச் சட்டென்று வாடும். வாடியதும் அடோனிஸ் செத்தான் என்று மாரடித்து அழுது, சட்டிகளைக் கடலிலோ ஊற்றிலோ கொண்டுபோய்ப் போடுவார்கள்.

பிளேட்டோ தம் ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில் இந்தத் தோட்டத்தை ஓர் உவமைக்கு இழுக்கிறார். புத்தியுள்ள விவசாயி எட்டு நாளில் அழகு காட்டும் அடோனிஸ் தோட்டத்தில் விதைப்பது விளையாட்டுக்குத்தான், உண்மையான விதைப்பை எட்டு மாதம் காத்திருந்து அறுவடை செய்கிற நிலத்தில்தான் செய்வான் என்பது அவர் சொல்வதன் சாரம். பிற்காலத்தில் கிரேக்கத்தில் ‘அடோனிஸ் தோட்டம்’ என்றாலே உருப்படாத காரியம் என்றாகிவிட்டது.

இந்தத் தோட்டங்களைப் பற்றி ஆராய்ச்சியாளர்களிடமே இரண்டு கட்சி. ஜேம்ஸ் ஃப்ரேசர் 1906-இல் வெளியிட்ட நூலில், பயிர் வளரவும் மழை பெய்யவும் செய்த மந்திரச் சடங்கு இது என்றார். அதற்கு ஒப்பாக, பார்லி முளைகளை வளர்க்கும் முண்டா, ஒராவன் மக்களின் வழக்கத்தையும் எடுத்துக்காட்டினார். பிரெஞ்சு அறிஞர் மார்செல் டெத்தியேன் 1972-இல் அதைத் திருப்பிப் போட்டார். வேரில்லாமல் முளைத்து வெயிலில் வாடும் இந்தத் தோட்டம் விவசாயத்தின் நேர் எதிர், விளையாத விதைப்பின் அடையாளம் என்பது அவர் வாதம்.

ராமநாதபுரத்து ஓட்டை இந்த இருவருக்கும் நடுவில் வைத்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே வெயில், இங்கே இருட்டு. அங்கே வாடுவதுதான் சடங்கின் உச்சம். இங்கே வாடினால் ஊரே கலங்கிப்போகும். அங்கே பெண்கள் தங்களுக்குள் கூடி நடத்தினார்கள். நகரத்தின் அதிகாரபூர்வத் திருவிழாவாக அது இருக்கவில்லை, நாடகக்காரர்கள் கிண்டலடித்தார்கள். இங்கே அது முழு ஊரின் பொறுப்பு.

கேட்காமல் வந்த சகுனம்

கி.மு. 415. ஏதென்ஸ் தன் பெரும் கப்பற்படையைச் சிசிலிக்கு அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அடோனியா வந்தது. தெருவெங்கும் பிணத்தைக் கிடத்தியதுபோல் அடோனிஸ் பொம்மைகள், பெண்களின் ஒப்பாரி. இது நல்ல சகுனமில்லை என்று பலர் முணுமுணுத்ததாக புளூட்டார்க் எழுதியிருக்கிறார். இரண்டு வருஷத்தில் அந்தப் படை மொத்தமும் சிசிலியில் அழிந்தது.

அடுத்த சகுனம் கி.பி. 362-இல். கிறிஸ்தவத்துக்கு மாறிவிட்டிருந்த ரோமப் பேரரசில் பழைய தெய்வங்களை மறுபடி கொண்டுவர முயன்ற பேரரசன் ஜூலியன், அந்தியோக்கியா நகருக்குள் நுழைகிறான். நகரம் முழுக்க அழுகை. அன்றைக்கு அங்கே அடோனியா. வரலாற்றாசிரியர் அம்மியானஸ் இதைக் கெட்ட குறியாகப் பதிவு செய்திருக்கிறார். மறு வருஷமே ஜூலியன் பாரசீகப் போரில் செத்தான், அவன் முயற்சியும் அவனோடு போயிற்று. இதே ஜூலியனைப் பார்க்க இந்தியாவிலிருந்தும் செரந்தீவிலிருந்தும், அதாவது இலங்கையிலிருந்தும், தூதர்கள் பரிசுகளோடு போட்டிபோட்டு வந்தார்கள் என்றும் அம்மியானஸே எழுதுகிறார்.

அந்தத் தூரத்து உறவு நம் கடற்கரை மண்ணுக்குள் இருக்கிறது. வைகை கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் அழகன்குளம். தமிழகத் தொல்லியல் துறை 1980-களிலிருந்து அங்கே பலமுறை அகழாய்வு செய்திருக்கிறது. மத்தியதரைக் கடல் பகுதியிலிருந்து வந்த மதுச்சாடிகளின் ஓடுகள், ரோமக் காசுகள், கப்பல் உருவம் கீறிய பானை ஓடு எல்லாம் கிடைத்தன. காசுகளில் சில கி.பி. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. பேரரசன் தியோடோசியஸ் 391-92 ஆண்டுகளில் சட்டம் போட்டுக் கோயில் பலியையும் வழிபாட்டையும் குறிகேட்பதையும் தடை செய்த காலமும் அதுதான். தாலமி என்ற கிரேக்கப் புவியியலாளர் குறிப்பிடும் ‘கோரி’ முனை நம் தனுஷ்கோடி என்பது பொதுவான கருத்து. யவனர், அதாவது கிரேக்க ரோமர், கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் குடித்ததைப் புறநானூற்றில் நக்கீரர் பாடியிருக்கிறார்.

உடனே, யவன மாலுமிகள்தான் முளைப்பாரியை இங்கே இறக்கிவிட்டுப் போனார்கள் என்று கதை கட்ட ஆசை வரும். அதற்குக் காசளவு ஆதாரமும் கிடையாது. விதை போட்டு மழைக்குக் காத்திருக்கிற எந்த ஊரிலும் இந்த யோசனை தானாக வரும். இத்தாலியின் சார்டீனியாத் தீவில் இன்றும் ஈஸ்டருக்கு முன்பு இருட்டில் வளர்த்த வெளிறிய கோதுமை முளைகளைத் தேவாலயத்தில் வைக்கிறார்கள். அவர்களுக்கும் நமக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதுமில்லை.

ஏட்டிலிருந்து எழும் திருவிழா

தடைக்குப் பிறகு 1,600 ஆண்டுகள். 1997-இல் ஏதென்ஸில் ‘கிரேக்க இன மரபினரின் உச்ச சபை’ என்று ஓர் அமைப்பு உருவானது. 2007 ஜனவரியில் வேறொரு குழு, அரசு அனுமதியில்லாமலே, ஏதென்ஸின் ஒலிம்பிய ஜீயஸ் கோயில் இடிபாடுகளுக்கு நடுவே வெளிப்படையாக வழிபாடு நடத்தியது. 2017-இல் கிரேக்க அரசு இந்தப் பழைய சமயத்தை அங்கீகரித்தது. இன்று கிரேக்கத்திலும் அதற்கு வெளியிலும் இந்த வழியில் நடப்பவர்கள் பழைய ஏதென்ஸ் நாள்காட்டியைத் தேடி எடுத்து, வீட்டு மேசையில் சாம்பிராணி ஏற்றி, பார்லியும் தேனும் மதுவும் படைக்கிறார்கள்.

அவர்களுடைய விழாக்களில் நமக்கு அந்நியமாகத் தெரியாதவை இரண்டு. ஒன்று சோறு, மற்றொன்று குறி.

அப்போலோவுக்கான தார்கேலியா விழாவில் புதுத் தானியங்களை ஒரே பானையில் வேகவைத்துப் படைப்பார்கள். ப்யானோப்சியாவில் பயறு, பருப்பு எல்லாம் சேர்ந்த கஞ்சி. ஆந்தெஸ்தீரியாவின் மூன்றாம் நாளில் எல்லா விதையும் கலந்து வேகவைத்த பானை. அது பிதிர்களுக்கும் அவர்களை வழிநடத்தும் ஹெர்மிஸுக்கும் உரியது, உயிரோடு இருப்பவர்கள் அதைத் தொட்டுச் சாப்பிடுவதில்லை என்று பழைய குறிப்பு. ஆடி அமாவாசையன்று ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் எள்ளும் பிண்டமும் கரைப்பவருக்கு இதை விளக்கவே வேண்டாம். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் ஒன்பது கற்களுக்கு நவதானியம் போடுகிறவர்களுக்கும் அப்படித்தான்.

முளைக்கொட்டுக்கான சோறு வேறு வரிசை. பச்சரிசியை ஊறவைத்து இடித்து வெல்லமோ கருப்பட்டியோ கலந்த துள்ளுமாவு, நெய்த்திரி போட்ட மாவிளக்கு, பானகம், கோயில் வாசலில் வரிசையாகப் பொங்கும் பானைகள். பொங்கல் எந்தத் திசையில் வழிகிறது என்று பார்ப்பதிலேயே ஒரு குறி உண்டு. மறுநாள் கிடா வெட்டு. தேங்காய் அரைத்து, ஊர்க் குண்டு மிளகாய் போட்ட கறிக்குழம்பு. அந்த மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்கு வீட்டுக்கு வருகிற விருந்தாளியைச் சாப்பிடாமல் அனுப்பினால் அடுத்த முளைக்கொட்டு வரை பேச்சு இருக்கும்.

பூவும் தங்கக் குடமும்

குறிக்கு வருவோம். ஒரு காரியத்தைத் தொடங்கலாமா வேண்டாமா என்று சந்தேகம் வந்தால் அம்மன் சந்நிதியில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், இரண்டும் வெளியே ஒன்றுபோலவே தெரிய வேண்டும். விவரம் தெரியாத சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூ வந்தால் எந்தப் பதில் என்று முதலிலேயே பேசி வைத்திருப்பதால் பிறகு வம்பில்லை.

கி.மு. 352-இல் ஏதென்ஸ் நகரம் இதையே ராஜாங்கக் காரியமாகச் செய்தது. எலூசிஸ் எல்லையில் இருந்த தெய்வத்தின் தரிசு நிலத்தைக் குத்தகைக்கு விடலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்பது கேள்வி. இரண்டு பதிலையும் ஒரே அளவான இரண்டு வெள்ளீயத் தகடுகளில் எழுதி, சுருட்டி, கம்பளி சுற்றி, வெண்கலப் பாத்திரத்தில் போட்டு ஜனங்கள் முன்னால் குலுக்கினார்கள். ஒன்றைத் தங்கக் குடத்திலும் மற்றதை வெள்ளிக் குடத்திலும் போட்டு முத்திரை வைத்தார்கள். மூன்று பேர் டெல்ஃபிக்குப் போய், தங்கமா வெள்ளியா என்று மட்டும் அப்போலோவிடம் கேட்டு வந்தார்கள். எந்தக் குடத்தில் எது இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியாது, வாக்குச் சொன்ன பூசாரிப் பெண்ணுக்கும் தெரியாது. நிலத்தைத் தரிசாகவே விடு என்று பதில் வந்தது. இந்த நடைமுறை முழுவதும் கல்வெட்டாகக் கிடைத்திருக்கிறது.

இன்றைய கிரேக்க மரபினர் இதில் எளிய வடிவம் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். சின்ன ஆசியாவின் பழைய கல்வெட்டு ஒன்றில், 24 கிரேக்க எழுத்துகளுக்கும் ஆளுக்கொரு வாக்கு இருக்கிறது. எழுத்துகளைப் பொறித்த கூழாங்கற்களைப் பையில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுத்தால் அன்றைய வாக்கு வந்துவிடும். ஒருவர், ஒரு பை, ஒரு கேள்வி.

இங்கே குறி அவ்வளவு லேசில் முடியாது. சாமியாடி மேல் அருள் வந்து ‘மழை தாரேன்’ என்று சொன்னால், ‘எந்த மாசம்? போன வருஷமும் இதைத்தானே சொன்னாய்?’ என்று ஊர்ப் பெரியவர்கள் எதிர்க்கேள்வி போடுவார்கள். சாமியோடு பேரம் நடக்கும். ‘குறை வைத்துவிட்டீர்கள்’ என்று சாமி சொன்னால் என்ன குறை என்று ஊர் பேசித் தீர்க்க வேண்டும். குறி கேட்பது என்பது இங்கே பாதி பஞ்சாயத்து.

முளைக்கும் இது பொருந்தும். ராமநாதபுரத்து விவசாயம் வடகிழக்குப் பருவமழையை நம்பியது. ஆண்டுக்குச் சராசரியாக 830 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டித்தான் வரும். மழைக்கு முன்பே ஆவணி, புரட்டாசியில் காய்ந்த மண்ணில் நெல்லைத் தூவிவிடுகிற புழுதி விதைப்பு இங்கே வழக்கம். விதை சரியில்லாவிட்டால் மழை வந்தும் பயனில்லை. இந்த விதைப்புக்குச் சற்று முன்னால் முளைக்கொட்டு வருகிறது. வீட்டுக்கு வீடு வாங்கிய விதை ஒரே ஓட்டில் முளைக்கிறதா என்று ஊரே பார்க்கிறது. விதைப் பரிசோதனை நிலையத்தில் 400 விதையை முளைக்கப் போட்டு, நெல் என்றால் 80 சதவீதம், பயறு என்றால் 75 சதவீதம் முளைத்தால்தான் தேறியது என்பார்கள். அந்தக் கணக்கின் கிராமத்து மூதாதை இது என்று பலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மழையை முளை முன்கூட்டிச் சொல்லாது. விதையின் உயிரை நிச்சயம் சொல்லும்.

வரி கொடுத்தவர், வரி வாங்கப்படாதவர்

இப்போது முதல் கேள்விக்குப் பதில் சொல்லலாம். முளைக்கொட்டைத் தாங்குவது தலைக்கட்டு வரி. கல்யாணம் ஆன ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. வளைகுடாவில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் வரி வந்தாக வேண்டும். வரி கொடுத்தால் கோயிலில் மரியாதை, கறியில் பங்கு. பானையை யார் வனைவது, எருவை யார் பொடிப்பது, முளை அறைக்கு யார் போவது, கும்மிக்கு யார் பாட்டெடுப்பது என்று எல்லாவற்றுக்கும் முறை உண்டு. நம்பிக்கை குறைந்த வருஷத்திலும் முறை வந்தால் போய்த்தான் ஆக வேண்டும். ஏதென்ஸின் அடோனியாவுக்குப் பின்னால் இப்படி ஓர் ஊர் நிற்கவில்லை. பெரிய கோயில்களுக்குப் பின்னால் அரசு நின்றது, அரசு மாறியதும் அவை சாய்ந்தன. அம்மன் கோயிலுக்கு ராமநாதபுரம் மன்னர் சேதுபதி மானியம் கொடுத்திருக்கலாம், ஆனால் ஓட்டில் தண்ணீர் தெளிக்க எந்த மன்னரும் தேவைப்படவில்லை.

இந்தப் பலத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு, அதை மறைத்துவிட்டுக் கொண்டாட முடியாது. யாரிடம் வரி வாங்குவது என்று முடிவு செய்கிறவர்கள், யாரிடம் வாங்கக் கூடாது என்றும் முடிவு செய்கிறார்கள். ஊரோடு பிணக்கு என்றால் முதலில் நிறுத்துவது அந்த வீட்டு வரியைத்தான். முளைப்பாரி எந்தத் தெரு வழியாகப் போகலாம், எந்தத் தெருப் பெண்கள் தலையில் எடுக்கலாம் என்பது சாதிச் சண்டையாகி, தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடந்து, போலீஸ் காவலோடு பாரி போன ஊர்கள் தென் மாவட்டங்களில் உண்டு. எல்லா வீட்டு விதையையும் ஒரே ஓட்டில் போடுகிற சடங்கு, எல்லா வீட்டையும் ஊர் என்று ஏற்காத இடத்தில் தன் பேரைத் தானே கெடுத்துக்கொள்கிறது. விரும்பியவர் எவரும் சேரலாம் என்று வீட்டு மேசையில் வழிபடும் புதிய கிரேக்கர்களிடம் இல்லாத நோய் இது. அவர்களிடம் இல்லாத பலமும் இதே வேரிலிருந்துதான் வருகிறது.

வேறு மாற்றங்களும் வந்துவிட்டன. மண் ஓட்டின் இடத்தில் பிளாஸ்டிக் சட்டி. வளர்த்த பாரியே ஆர்டர் கொடுத்தால் வீட்டுக்கு வருகிறது. முழங்கால் உயரத்துக்கு நிமிர்ந்து, பூச்சுற்றி, பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டில் இருப்பது கடையில் வாங்கிய பயறு. அது முளைத்தால் கடைக்காரரின் விதை நல்ல விதை என்று பொருள், ஊர்க் குதிரில் இருக்கும் விதையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. குறியைக் காசு கொடுத்து வாங்கியபின் அதைப் பார்த்து மழையைக் கணிப்பதில் என்ன இருக்கிறது?

பாரி கடைசியில் கரைவது ஊருணியில், கண்மாயில், கடலோர ஊர்களில் கடலில். கரைப்பதற்கு முன்னால் ஒரு கொத்து முளையைப் பிடுங்கி வீட்டுக்கோ வயலுக்கோ கொண்டுபோகிறவர்களும் உண்டு. பல கண்மாய்களில் கரைக்க முட்டளவுத் தண்ணீர் இல்லை. சீமைக் கருவேலம் உள்ளே புகுந்துவிட்டது. மழை பெய்தாலும் வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடக்கிறது. அம்மனிடம் மழை கேட்கிற ஊர், வந்த மழையை எங்கே நிறுத்தப்போகிறோம் என்ற கேள்வியையும் அதே கூட்டத்தில் எடுத்துப் போடலாம். அதற்குச் சாமியாட வேண்டியதில்லை, பூக்கட்டிப் பார்க்கவும் வேண்டியதில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் கொடுத்துக் கண்மாயைப் பார்த்துக்கொள்ளும் குடிமராமத்து இதே தலைக்கட்டுக் கணக்கில் ஒரு காலத்தில் நடந்த வேலைதான். முளைக்கொட்டுக்கு வரி எழுதுகிற நோட்டிலேயே கால்வாய்க்கும் ஒரு பக்கம் ஒதுக்கட்டும். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டையும் விடாமல் எழுதட்டும்.